மீமிசலில் எத்தனை எழுத்து?

புதுக்கோட்டை மாவட்டத்தின் கடலோரத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலை மேலேயே இருக்கிறது மீமிசல். வடக்கே கோட்டைப்பட்டினம், தெற்கே தொண்டி. இந்த ஊர்ப்பெயரில் எத்தனை எழுத்து என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால் மீ, மி, ச, ல் என்று விரல் மடக்கி நாலு என்று சொல்லிவிடும். அதே பெயரைப் பைத்தான் நிரல்மொழியின் ‘லென்’ கட்டளைக்குக் கொடுத்தால் ஏழு என்று விடை வருகிறது. பெயரைத் திருப்பிப் போடச் சொன்னால் இன்னும் வேடிக்கை. ‘ல்சமிமீ’ என்று வர வேண்டிய இடத்தில், அந்தரத்தில் தொங்கும் ஒரு புள்ளியும் அதன் பின்னால் ‘லசிமீம’ என்பதும் வந்து நிற்கும். மகரத்தோடு இருந்த இகரம் சகரத்தின் தலையில் ஏறியிருக்கும்.

கணினி பொய் சொல்லவில்லை. யூனிகோட் முறையில் தமிழுக்கென்று 128 இடங்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி இடம் கிடையாது. மகரத்துக்கு ஓர் இடம், ஈகாரக் குறிக்கு ஓர் இடம், மெய்யெழுத்தின் புள்ளிக்கு ஓர் இடம் என்று துண்டு துண்டாக இருக்கும். ஒவ்வோர் இடத்துக்கும் உள்ள எண்ணைக் ‘குறிப்புள்ளி’ என்று வைத்துக்கொள்வோம். ம, ஈகாரக் குறி, ம, இகரக் குறி, ச, ல, புள்ளி என்று கூட்டினால் ஏழு. லென் கட்டளை எண்ணுவது குறிப்புள்ளிகளை. பிள்ளை எண்ணுவது எழுத்துகளை.

தமிழில் மென்பொருள் செய்கிறவர்களுக்கு இது பழைய தலைவலி. எழில் என்ற தமிழ் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலை தொடங்கிவைத்த ‘ஓப்பன்-தமிழ்’ நிரல் நூலகத்தில், சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தருவதற்கென்றே ‘கெட்-லெட்டர்ஸ்’ என்றொரு கருவி இருக்கிறது. விஷயம் தெரிந்தவர் அதை எடுத்துப் போட்டுக்கொண்டு வேலையைப் பார்ப்பார். இப்போது எழுந்திருக்கும் சிக்கல் வேறு. நிரலின் வரிகளை எழுதுவது பல இடங்களில் மனிதர் இல்லை. 2021 ஜூனில் கிட்ஹப் நிறுவனத்தின் கோபைலட் முன்னோட்டமாக வெளிவந்தது முதல், செயற்கை நுண்ணறிவு உதவியாளர்கள் நிரலாளர் பக்கத்தில் உட்கார்ந்து எழுதத் தொடங்கிவிட்டன. முதலில் அரை வரியை முடித்துக் கொடுத்தன. இப்போது கோப்புகளைத் திறந்து, திருத்தி, ஓட்டிப் பார்த்து, முழு வேலையையும் முடித்து வைக்கின்றன.

மீமிசலில் ஒரு மீன் வியாபாரிக்கு ரசீது அடிக்கும் செயலி செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். “வாடிக்கையாளரின் ஊர்ப்பெயர் பத்து எழுத்துக்கு மேல் போனால் வெட்டிவிடு” என்று உதவியாளரிடம் சொல்கிறார் நிரலாளர். அது லென் கட்டளையை வைத்து மூன்று வரியில் முடித்துவிடுகிறது. ‘மதுரை’ சரியாக அச்சாகிறது. ‘தொண்டி’ சரியாக அச்சாகிறது. ‘புதுக்கோட்டை’ மட்டும் ‘புதுக்கோட்’ என்று வருகிறது. பு, து, க், கோ, ட், டை என்று ஆறே எழுத்துள்ள பெயர். ஆனால் குறிப்புள்ளிகள் பன்னிரண்டு. பத்தாவதில் கத்தரி விழுந்துவிட்டது.

இத்தனைக்கும் அந்த உதவியாளருக்கு இது தெரியாத சங்கதி இல்லை. “தமிழில் எழுத்தும் குறிப்புள்ளியும் ஒன்றா?” என்று தனியாகக் கேட்டால் பக்கம் பக்கமாக விளக்கும். கேட்காதபோது அந்த அறிவு முன்னால் வருவதில்லை. காரணம், அது இயங்கும் விதம். அதன் உள்ளே இருக்கும் மொழி மாதிரி, கோடிக்கணக்கான நிரல் வரிகளையும் கட்டுரைகளையும் படித்து, இதுவரை வந்த சொற்களுக்கு அடுத்து எது வர வாய்ப்பு அதிகம் என்று கணித்துக் கணித்தே எழுதுகிறது. அது படித்த நிரல்களில் பெரும்பகுதி ஆங்கில எழுத்தைக் கையாள்பவை. ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு குறிப்புள்ளி. அங்கே லென் சரியான விடையே தரும். ஆகவே, ‘நீளம்’ என்றதும் கைக்கு முதலில் வருவது அதுதான்.

இரண்டாவது குறை நினைவு. உதவியாளர் நேற்று இதே செயலியில் வேலை செய்திருக்கலாம், திருத்தமும் வாங்கியிருக்கலாம். இன்று புதிதாக ஓர் உரையாடலைத் திறந்தால், யாராவது எழுதி வைத்தாலொழிய அது எதுவும் அதன் முன்னால் இருக்காது. வெளியூரிலிருந்து வந்திறங்கும் கல்யாண சமையல் மாஸ்டரைப் போலத்தான் அதன் நிலை. ஆயிரம் பந்திக்குச் சமைத்த கை. சாம்பாரில் குறை சொல்ல முடியாது. ஆனால் இந்த வீட்டில் பூண்டு சேர்ப்பதில்லை, மாப்பிள்ளை வீட்டார் இரண்டாம் பந்திக்குத்தான் வருவார்கள் என்பதெல்லாம் யாராவது சொன்னால்தானே அவருக்குத் தெரியும்? விவரம் தெரிந்த வீட்டில் அவர் வந்ததும் ஒரு சீட்டைக் கையில் கொடுத்துவிடுவார்கள்.

மென்பொருள் உலகிலும் அந்தச் சீட்டு வந்துவிட்டது. திட்டத்தின் முதன்மைக் கோப்புறையில் சாதாரண உரைக் கோப்பாக அது இருக்கும். ஆந்த்ரோபிக் நிறுவனத்தின் கிளாட் கோட் கருவி ‘கிளாட்.எம்டி’ என்ற பெயரில் தேடும். கோபைலட்டுக்குத் தனியாக ஒரு கோப்பு உண்டு. ஆளுக்கொரு பெயர் வேண்டாமே என்று 2025-இல் ‘ஏஜென்ட்ஸ்.எம்டி’ என்ற பொதுப்பெயர் பரவியது. பெயர் எதுவானாலும் வேலை ஒன்றே: உதவியாளர் பணியைத் தொடங்கும்போது இந்தக் கோப்பைப் படித்துவிட்டுத் தொடங்கும். தமிழில் இதைக் ‘குறிப்புக் கோப்பு’ எனலாம்.

இங்கே ஒரு தொழில்நுட்ப நுணுக்கத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். குறிப்புக் கோப்பைப் படித்ததும் மாதிரியின் உள்ளே எந்தத் திருகாணியும் திருகப்படுவதில்லை. ஒரு வேளையில் மாதிரி பார்க்கக்கூடிய மொத்த உரைக்கு ஓர் எல்லை உண்டு. அதைச் ‘சூழல் சாளரம்’ என்கிறார்கள். குறிப்புக் கோப்பின் சொற்களும், நிரலாளரின் கேள்வியும், திறந்து பார்த்த நிரல்களும் எல்லாமே அந்தச் சாளரத்துக்குள் உரையாக வந்து உட்காருகின்றன. ‘தமிழ்’, ‘கெட்-லெட்டர்ஸ்’ என்ற சொற்கள் அங்கே ஏற்கெனவே கிடப்பதால், அடுத்து லென் வரும் வாய்ப்பு குறைந்து கெட்-லெட்டர்ஸ் வரும் வாய்ப்பு கூடுகிறது. நடப்பது இவ்வளவுதான். குறிப்பு எழுதுகிறவர் செய்வது வாய்ப்பைச் சாய்ப்பது; கட்டாயப்படுத்துவது இல்லை.

இது மனத்தில் இருந்தால், எந்த வரி பயன்படும், எது படாது என்பது தானாக விளங்கும். “தரமான, சுத்தமான நிரலை எழுதவும்” என்ற வரி எந்த வாய்ப்பையும் சாய்க்காது. அது இல்லாவிட்டாலும் மாதிரி அதைத்தான் செய்ய முயலும். மீமிசல் செயலிக்குப் பயன்படும் குறிப்புகள் இப்படி இருக்கும்:

தமிழ்ச் சொல்லின் நீளத்தை லென் கொண்டு அளக்கக் கூடாது. ஓப்பன்-தமிழின் கெட்-லெட்டர்ஸ் கொண்டு எண்ண வேண்டும். ‘மீமிசல்’ 4, ‘புதுக்கோட்டை’ 6.

எந்தத் தமிழ்ச் சொல்லையும் சேமிக்கும் முன் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்ற வேண்டும்.

அகரவரிசை தமிழ் முறைப்படி: படகு, பழம், பறவை, பனி.

பெயருக்கு ஒரே கட்டம், தலைப்பெழுத்துக்குத் தனிக் கட்டம். குடும்பப் பெயர் கேட்கக் கூடாது.

தொகையை 1,00,000 என்று பிரிக்க வேண்டும்; 100,000 என்று அல்ல.

கேட்காமல் புதிய நூலகம் எதையும் சேர்க்கக் கூடாது.

ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. இரண்டாவது வரியில் வரும் என்எஃப்சி என்பது யூனிகோடின் ஒரு சீர்வடிவம். ‘கோ’ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறிப்புள்ளியாகச் சேர்க்கலாம், அல்லது ஏகாரக் கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்க்கலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. கணினிக்கோ ஒரு புதுக்கோட்டையில் 12 குறிப்புள்ளி, இன்னொன்றில் 13. ஒருவர் பதிந்த ஊரை இன்னொருவர் தேடினால் ‘இல்லை’ என்று சொல்லிவிடும். எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து சேமித்தால் இந்தத் தொல்லை இல்லை.

அகரவரிசைக் கதையும் இப்படித்தான். யூனிகோட் அட்டவணையில் னகரம் நகரத்தை ஒட்டி, பகரத்துக்கு முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறது. றகரமும் அப்படியே ரகரத்துக்குப் பக்கத்தில். குறிப்புள்ளி எண்ணை மட்டும் வைத்து வரிசைப்படுத்தினால் படகு, பனி, பறவை, பழம் என்று வரும். தமிழ் அகராதி பார்த்துப் பழகியவர் ‘பனி’யைக் கடைசியில் தேடிக்கொண்டிருப்பார். குடும்பப் பெயர் பற்றிய வரி, தமிழ்நாட்டில் பெரும்பாலானோருக்கு அப்படி ஒன்று இல்லாததால் வந்தது. படிவத்தில் அந்தக் கட்டத்தைக் கட்டாயமாக்கினால் அப்பா பெயரையோ, ஒற்றை எழுத்தையோ, வெறும் புள்ளியையோ போட்டுத் தப்பிக்கிறார்கள். பிறகு ரசீதில் பெயர் தலைகீழாக அச்சாகிறது.

புதிய நூலகம் பற்றிய கடைசி வரி மேலோட்டமாகப் பார்த்தால் அநாவசியக் கெடுபிடி போலத் தெரியும்; அதற்கும் காரணம் உண்டு. அமெரிக்காவில் டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தின் சான் அன்டோனியோ வளாகத்தைச் சேர்ந்தவர்களும் கூட்டாளிகளும் 16 மொழி மாதிரிகளைக் கொண்டு 5,76,000 நிரல்களை எழுதவைத்தார்கள். அவற்றில் பரிந்துரைக்கப்பட்ட நூலகங்கள் உண்மையில் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்கள். இல்லாத நூலகப் பெயர்கள் மட்டும் 2,05,000-க்கு மேல் கிடைத்தன. வணிக மாதிரிகளில் சராசரியாக 5 விழுக்காட்டுக்குச் சற்று மேலும், கட்டற்ற மாதிரிகளில் 21 விழுக்காட்டுக்கு மேலும் இந்தக் கற்பனை இருந்தது. கற்பனைப் பெயரால் என்ன கெடுதல்? மாதிரிகள் அடிக்கடி உளறும் பெயர் ஒன்றை ஒரு மோசடிக்காரர் கண்டுபிடித்து, அதே பெயரில் நச்சு நிரலைப் பொதுவெளியில் பதிவுசெய்து வைக்கலாம். உதவியாளர் சொன்னதே என்று நிறுவுகிறவரின் கணினிக்குள் அது நேராக நுழைந்துவிடும்.

அப்படியானால் அறுநூறு வரிக்குக் குறிப்பு எழுதிவிடலாமே என்று தோன்றும். அங்கேயும் ஓர் ஆய்வு தடுக்கிறது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் நெல்சன் லியூ குழுவினர் 2023-இல் ஒரு சோதனை செய்தார்கள். நீளமான உரைக்குள் விடையை ஒருமுறை தொடக்கத்திலும், ஒருமுறை நடுவிலும், ஒருமுறை கடைசியிலும் ஒளித்துவைத்து மாதிரிகளைக் கேள்வி கேட்டார்கள். தொடக்கத்திலோ கடைசியிலோ இருந்தபோது எளிதாகக் கண்டுபிடித்த மாதிரிகள், நடுவில் இருந்தபோது தடுமாறின. பிறகு வந்த மாதிரிகளில் சாளரம் மிகவும் பெரிதாகிவிட்டது. ஆனாலும் நூறு வரிக்கு நடுவே கிடக்கும் ஒரு வரி, பத்து வரிக்கு நடுவே கிடக்கும் வரி அளவுக்குக் கவனம் பெறும் என்று நம்பி இருக்க முடியாது. நிரலைப் படித்தே தெரிந்துகொள்ளக் கூடியதைக் கோப்பில் திரும்பச் சொல்வது, முக்கியமான வரிகளின் மேல் மண் போட்டு மூடுவதாகும்.

நிரலைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாதது எது என்பதுதான் எழுதுகிறவர் தேட வேண்டியது. அதன் கனம் எவ்வளவு என்பதற்கு 2025 ஜூலையில் மெட்டர் என்ற ஆய்வு நிறுவனம் வெளியிட்ட முடிவு ஒரு தடயம். அனுபவமுள்ள 16 நிரலாளர்கள், தாங்கள் பல ஆண்டு பராமரித்துவந்த கட்டற்ற மென்பொருள் திட்டங்களிலேயே 246 வேலைகளைச் செய்தார்கள். எந்த வேலைக்கு உதவியாளரைப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது என்பது குலுக்கல் முறையில் முடிவானது. உதவியாளர் இருந்தால் நேரம் 24 விழுக்காடு மிச்சமாகும் என்று முன்கூட்டிக் கணித்திருந்தார்கள். வேலை முடிந்த பிறகும் 20 விழுக்காடு மிச்சமானதாகவே நம்பினார்கள். கடிகாரம் காட்டியது வேறு: 19 விழுக்காடு கூடுதல் நேரம். இதற்கு ஆய்வாளர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று, அந்தத் திட்டங்களில் எழுதப்படாமல் நிரலாளர்களின் தலைக்குள்ளேயே இருந்த வழக்கங்கள். உதவியாளருக்கு அவை எட்டவில்லை. ஒரு குறிப்பிட்ட காலத்துக் கருவிகளோடு, தங்கள் நிரலை நன்கு அறிந்தவர்களைக் கொண்டு நடந்த சிறு ஆய்வு இது; எல்லாருக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. வேகம் கூடிவிட்டது என்ற உணர்வை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு அதுவே போதும்.

எழுதிக் கொடுத்த வரியை உதவியாளர் மீறினால்? 2025 ஜூலையிலேயே இதற்கும் ஓர் உதாரணம் கிடைத்தது. அமெரிக்கத் தொழில்முனைவர் ஜேசன் லெம்கின், ரெப்ளிட் நிறுவனத்தின் உதவியாளரைக் கொண்டு ஒரு செயலி செய்துகொண்டிருந்தார். எதையும் மாற்றக் கூடாது என்று திரும்பத் திரும்ப, பெரிய எழுத்திலேயே சொல்லியிருந்தார். உதவியாளர் பயன்பாட்டில் இருந்த தரவுத்தளத்தையே அழித்துவிட்டது. ரெப்ளிட் அதன் பிறகு செய்தது இன்னும் பெரிய எழுத்தில் எச்சரிப்பது இல்லை. சோதித்துப் பார்க்கும் தரவுத்தளத்தையும் உண்மையான தரவுத்தளத்தையும் தானாகவே பிரித்துவைக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. சமையல் மாஸ்டரிடம் “உக்கிராண அறையில் அந்த மூலைப் பக்கம் போகாதீர்கள்” என்று சீட்டில் எழுதலாம். சாவியை மாமாவின் இடுப்பிலேயே வைத்துக்கொள்ளவும் செய்யலாம். இழந்தால் திரும்பக் கிடைக்காத பொருளுக்கு இரண்டாவதுதான் பொருந்தும்.

ஆகவே, அனுபவமுள்ள குழுக்கள் விதிகளை இரண்டு கூறாகப் பிரிக்கின்றன. இயந்திரமே சரிபார்க்கக் கூடியவை ஒரு பக்கம். ‘மீமிசல்’ கொடுத்தால் 4, ‘புதுக்கோட்டை’ கொடுத்தால் 6, நாலு சொற்களை வரிசைப்படுத்தினால் ‘பனி’ கடைசியில் வர வேண்டும் என்பதையெல்லாம் சோதனை நிரலாக எழுதிவிடலாம். உதவியாளர் எழுதிய நிரல் இந்தச் சோதனைகளில் தேறாவிட்டால் திட்டத்துக்குள் சேராது. குறிப்பை அது படித்ததா, மறந்ததா என்ற கேள்விக்கே இடமில்லை. இன்னொரு வசதி, தோல்விச் செய்தியைப் பார்த்து உதவியாளர் தானே திருத்திக்கொள்ளும். பாதுகாப்புக்கும் இதே வழிதான். நியூயார்க் பல்கலைக்கழகத்தினர் 2021-இல் கோபைலட்டை 89 சூழ்நிலைகளில் வைத்து 1,689 நிரல்களை எழுதவைத்தபோது, ஏறத்தாழ 40 விழுக்காட்டில் ஊடுருவ இடம் தரும் ஓட்டை இருந்தது. அந்த ஓட்டைகளில் பெரும்பகுதியைக் கண்டுபிடிக்க அவர்கள் பயன்படுத்தியது தானியங்கிச் சோதனைக் கருவியையே.

இயந்திரத்தால் சரிபார்க்க முடியாதவை மறுபக்கம்: குடும்பப் பெயர் ஏன் வேண்டாம், மீன் ஏலக்கணக்கில் எந்தச் சொல்லைப் பயன்படுத்துவது, சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது. குறிப்புக் கோப்பின் இடம் இவற்றுக்குத்தான்.

பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கும் விதி தேவைப்பட்டது. லினக்ஸ் இயங்குதளத்தின் கருவகத் திட்டத்தில் நிரல் அனுப்புகிறவர் “இதை அனுப்ப எனக்கு உரிமை உண்டு” என்று தம் பெயரில் ஒப்பமிடும் வழக்கம் 2004-இல் வந்தது. லினக்ஸில் தன் நிரல் புகுந்துவிட்டது என்று எஸ்சிஓ நிறுவனம் முந்தைய ஆண்டு ஐபிஎம் மீது தொடுத்த வழக்குதான் அதற்குத் தூண்டுதல். உதவியாளர்களுக்காக லினக்ஸ் எழுதியுள்ள வழிகாட்டி, அவை இந்த ஒப்பத்தை இடவே கூடாது என்கிறது; மனிதரே ஒப்பமிட வேண்டும், எந்தக் கருவி உதவியது என்பதைத் தனிவரியில் குறிக்க வேண்டும். கதவையே சாத்தியவர்களும் உண்டு. ஜென்டூ என்ற லினக்ஸ் வெளியீட்டுத் திட்டம் 2024 ஏப்ரலில் செயற்கை நுண்ணறிவு எழுதியதை ஏற்பதில்லை என்று தீர்மானித்தது. பதிப்புரிமை, தரம், அறநெறி என்று மூன்று காரணங்களைச் சொன்னது. அடுத்த மாதமே நெட்பிஎஸ்டி என்ற இயங்குதளத் திட்டம், முன்கூட்டி எழுத்துமூல ஒப்புதல் இல்லாமல் அத்தகைய நிரல் கூடாது என்றது.

குறிப்புக் கோப்பைத் தமிழிலேயே எழுதலாமா? உதவியாளர் புரிந்துகொள்ளும். ஆனால் செலவு கூடும். மாதிரிகள் உரையை ‘டோக்கன்’ என்ற துண்டுகளாக நறுக்கித்தான் படிக்கின்றன. சாளரத்தின் கொள்ளளவும் கட்டணமும் துண்டுக்கணக்கில்தான். ஓப்பன்ஏஐ நிறுவனம் 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ மாதிரியை வெளியிட்டபோது ஒரே வாழ்த்துரையைப் பல மொழிகளில் நறுக்கிக் காட்டியது. ஆங்கிலத்தில் 27 துண்டாக இருந்தது 24 ஆனது. தமிழில் 116 துண்டாக இருந்தது 35 ஆனது. முன்னேற்றம் பெரிது, இடைவெளி முழுக்க மறையவில்லை. விதியை ஆங்கிலத்தில் சுருக்கமாக எழுதி, ‘மீமிசல்’, ‘பனி’ போன்ற எடுத்துக்காட்டுகளை மட்டும் தமிழில் தருவது சிக்கனமான வழி.

ஒரு வரி உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று அறியவும் ஆய்வாளர்களின் முறையையே கடன் வாங்கலாம். அந்த வரியோடு ஒரே வேலையைப் பத்து முறை, புதிய உரையாடல்களில் கொடுக்க வேண்டும். வரியை நீக்கிவிட்டு இன்னும் பத்து முறை. மாதிரி ஒரே கேள்விக்கு ஒவ்வொரு முறையும் ஒரே விடை தருவதில்லை என்பதால் ஒருமுறை பார்த்து முடிவுசெய்ய முடியாது. இரண்டு பத்திலும் சோதனைகள் ஒரே அளவில் தேறினால் அந்த வரியை எடுத்துவிடலாம். நிறுவனம் மாதிரியின் புதிய பதிப்பை வெளியிடும்போதெல்லாம் இதைத் திரும்பச் செய்வது நல்லது. போன ஆண்டு தேவைப்பட்ட லென் எச்சரிக்கை இந்த ஆண்டு தேவைப்படாமல் போகலாம். தலைப்பெழுத்துக்குத் தனிக் கட்டம் என்ற வரி இன்னும் சில காலம் கோப்பில் இருக்க வேண்டியிருக்கும்.